போகிறாரா பயிற்சியாளர்? வானத்தைப் பார்க்கும் ரசிகர்கள்!

மேலதிகாரிக்கு மாற்றல் என்று ஆபீசில் பேச்சு கிளம்பினால், உத்தரவு வருமுன்பே குமாஸ்தாக்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்திலும் இதே கதைதான். (பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்!)

2006 டிசம்பரில் அலபாமா பல்கலைக்கழகம் பயிற்சியாளர் தேடியது. ரிச் ராட்ரிகஸ் வருகிறார் என்று பத்திரிகைகளே எழுதின. அவர் வரவில்லை. அடுத்து நிக் சேபன் பெயர் அடிபட்டது. மயாமி தொழில்முறை அணியில் இருந்த அவர், அலபாமாவுக்குப் போகமாட்டேன் என்று நிருபர்களிடம் அடித்துச் சொன்னார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 2007 ஜனவரி 3-ந் தேதி ஒப்புக்கொண்டார். 8 ஆண்டுக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர்!

அதனால் மறுப்பை யாரும் நம்புவதில்லை. பல்கலைக்கழக விமானம் எந்த ஊருக்குப் பறக்கிறது என்று வேவு பார்க்கும் ரசிகர்களும் உண்டு.

2024 ஜனவரியில் சேபன் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் வந்தார், அங்கே அரிசோனாக்காரர், அரிசோனாவுக்கு சான் ஹோசேயிலிருந்து ஒருவர். எல்லாம் ஒரே வாரத்தில்!

சேபனை நம்பிச் சேர்ந்த மாணவர்களுக்கு வேறு கல்லூரி தேட அப்போது 30 நாள் அவகாசம். முன்னணி வீரர்கள் சிலர் மூட்டை கட்டினார்கள். உதவிப் பயிற்சியாளர்கள் பாடுதான் திண்டாட்டம். புதியவர் தன் ஆட்களை அழைத்து வந்தால், இவர்கள் வீட்டைக் காலி செய்யவேண்டியதுதான்.