தோட்டம் என்ற சொல்



தோட்டம் என்றதும் கிருஷ்ணகிரிக்காரருக்கு மாந்தோட்டம் நினைவுக்கு வரும். இலங்கை மலையகத்தில் அதே சொல்லைக் கேட்டால் துரையும் கங்காணியும் லயமும் கண்முன் நிற்பார்கள். ஒரே பயிர், தூரத்துச் சந்தை, நிலத்தில் உரிமையின்றி வெளியூரிலிருந்து கொண்டுவரப்பட்ட உழைப்பாளிகள் இம்மூன்றும் சேர்ந்ததே காலனியம் உருவாக்கிய பெருந்தோட்டம். வனத்துறை வரிசையாக நட்ட தைலமரங்களும் ஒரே பயிர்தான். அதைக் காடு என்கிறோம்.

கிருஷ்ணகிரி அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. சேலத்திலிருந்தும் மக்கள் இலங்கைக்குப் போனார்கள். தமிழகத்திலிருந்து அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித்துகள். இலைத்துரு நோயால் காப்பி அழிந்து தேயிலை வந்தது. லய வாழ்க்கை மாறவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கிட்டது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

இந்தியாவில் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. அது பெயர் சொன்ன பயிர்கள் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா, பின்னர் ஏலக்காய். ரோஜா அதில் இல்லை.

ஓசூர் வட்டாரப் பசுமைக்குடில்களில் பூக்கும் ரோஜா பெங்களூரு விமான நிலையம் வழியே வெளிநாடு போகிறது. சிறு விவசாயிகளின் குடில்களும் உண்டு. ஆனால் பெரிய பண்ணைகளில் பூப் பறிப்பவர்கள் கூலிகள். பலர் வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள். நான் சொன்ன மூன்று அடையாளங்களும் அங்கே இருக்கின்றன. அவற்றையும் தோட்டமென்று சட்டத்தில் எழுதச் சொல்வதே நாம் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை.