நித்தியகல்யாணிச் சாகுபடி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களில் வீட்டு முற்றங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் நீர் வார்ப்பாரின்றியே ஆண்டு முழுதும் பூத்து நிற்பது நித்தியகல்யாணி. மயானங்களின் அருகே தானே முளைப்பதால் இதனைச் சுடுகாட்டு மல்லி என்று இகழ்வாரும் உண்டு. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகவுடைய இப்பல்லாண்டுச் செடி, தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் மருந்துப் பயிராகவும் சாகுபடி செய்யப்படுகிறது.

உபயோகம்:— ஜமைக்கா தீவில் இதன் இலைக் கஷாயத்தை நீரிழிவுக்கு அருந்தும் வழக்கமிருந்தது. அதனை ஆராயப் புகுந்த கனடா தேசத்து மேற்கு ஒன்டாரியோ சர்வகலாசாலையார், நீரிழிவு மருந்துக்குப் பதிலாகப் புற்றுநோய்க்குரிய வின்பிளாஸ்டின் என்னும் சத்தைக் கண்டு 1958இல் வெளியிட்டனர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் வின்கிரிஸ்டினும் இவ்விலையினின்றே பின்னர்ப் பிரிக்கப்பட்டது. இச்சத்துகள் இலையில் மிகச் சொற்பமாகவே இருப்பதால், மருந்து செய்வோருக்கு ஏராளமான இலை வேண்டியிருக்கிறது. வேரும் மருந்துக்கு உதவும்.

நிலம்:— இச்செடி வறட்சியைத் தாங்கும். தேங்கிய நீரைத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் நிற்கும் கரிசலில் வேரழுகி மாளும். ஆகையால் பருத்தியும் சோளமும் விளையும் கரிசலை அவற்றிற்கே விட்டு, நீர் வடியும் செவல், சரளை, மணற்பாங்கான மேட்டு நிலங்களையே இதற்குத் தெரிந்தெடுக்க வேண்டும்.

விதைப்பு:— ஏக்கருக்கு 4 டன் தொழுவுரமிட்டு உழுது, புரட்டாசி மழையில் ஈரங்கண்டதும் விதைக்கலாம். ஏக்கருக்கு 1 கிலோ விதை போதும். விதை மிக நுண்ணியதாதலால் பத்து மடங்கு மணலுடன் கலந்து, 45 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள வரிசைகளில் தூவி, மேலாக மண்ணால் மூட வேண்டும். நாட்பட்ட விதை சரிவர முளையாது. இலக்னோவிலுள்ள மத்திய மருந்துச்செடி ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட 'நிர்மல்' என்னும் வெண்பூ ரகம் நுனிகருகல் நோயைத் தாங்க வல்லது.

பராமரிப்பு:— 60ஆம் நாளிலும் 120ஆம் நாளிலும் களையெடுத்து, செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இருக்கும்படி கலைத்துவிடுக. இலை சிறுத்து, பூ பச்சை நிறமாகத் திரியும் செடிகளை உடனே பிடுங்கி எரித்துவிடுக. இந்நோயைத் தத்துப்பூச்சிகள் பரப்பும்.

அறுவடை:— ஆறாம் மாதமாகிய பங்குனியிலும் ஒன்பதாம் மாதமாகிய ஆனியிலும் இலை பறிக்கலாம். மறு புரட்டாசியில் எஞ்சிய இலையையும் எடுத்தபின், தண்டைத் தரைக்குமேல் நான்கு விரற்கடை விட்டு அறுத்து, மழை ஈரத்தில் ஆழ உழுது வேரைப் பொறுக்குக. மானாவாரியில் ஏக்கருக்கு உலர்ந்த இலை சுமார் 800 கிலோவும், தண்டு 400 கிலோவும், வேர் 300 கிலோவும் கிடைக்கக்கூடும். இலையை நிழலில் உலர்த்துக. ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து விலை போகாது.

எச்சரிக்கை:— ஆடுமாடுகள் இதனைப் பொதுவாகத் தின்பதில்லை. ஆயினும் செடி நஞ்சுடையது. உலர்த்திய இலை தீவனத்தோடு கலவாதபடி காக்க வேண்டும். நீரிழிவுக்கென்று இலையைக் காய்ச்சிக் குடிப்பது இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்து உயிருக்கே கேடு விளைவிக்கலாம்.

விற்பனை:— நெல், பருத்தி போல் இதனை எந்தச் சந்தையிலும் விற்றுவிட இயலாது. வாங்குவோரையும் விலையையும் எழுத்து மூலம் உறுதி செய்துகொண்ட பின்னரே விதைப்பது விவேகம். முதலாண்டில் அரை ஏக்கருக்கு மேற்படாதிருத்தல் நலம். கிராம அலுவலர்கள் இப்பயிர் நின்ற நிலத்தைத் தரிசென்று கருதிவிடாமல், நேரிற் பார்வையிட்டு அடங்கலில் பயிரின் பெயரைப் பதிவு செய்வார்களாயின், மேட்டு நிலக் குடியானவர்களுக்குப் பேருதவியாகும்.