நரி எப்போது கிணற்றில் விழுந்தது?

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அண்மையில், பாலை மரத்தையும் ஊற்றையும் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் பாலையூற்று நான் பிறந்து வளர்ந்த ஊர். என் தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். தாயாரோ எழுத்து வாசனை அறியாதவர். ஆயினும், நான் பெற்ற கல்வியிற் பாதி அவ்விருவரும் இட்ட பிச்சை என்றே கருதுகிறேன்.

மாலையில் அரிக்கன் விளக்கை ஏற்றி வைத்து, பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்வார் தாயார். கை அடுப்பில் இருக்கும். காது என்னிடம் இருக்கும். ஒருநாள் விளையாட்டு நினைவில் ஒரு பக்கத்தைத் தாண்டிச் சென்றேன். "நில்லு தம்பி! நரி எப்ப கிணத்துக்க விழுந்தது?" என்றார். விழாத நரியை நான் கரையேற்றியிருந்தேன்! அன்று அகப்பட்ட பின்னர் ஒரு வரியைத்தானும் நான் தாண்டியதில்லை.

மற்றொரு நிகழ்ச்சி. நான்காம் வகுப்பிலே கணக்கில் மிகவும் பின்தங்கினேன். ஒருநாட் கூலியை இழந்து தந்தையார் பாடசாலைக்கு வந்தார். வியர்வை படிந்த சட்டையுடன் அவர் வகுப்பு வாயிலில் நின்ற கோலத்தைக் கண்டு நான் நாணினேன். அந்த நாணத்தை நினைந்தே இன்று நாணுகிறேன்.

"கரும்பலகையில் உள்ள எண்களைப் பிழையாக எழுதுகிறான், கவனம் போதாது" என்றார் ஆசிரியர். தந்தையார் சற்று யோசித்து, "வீட்டிலயும் புத்தகத்தை மூக்கில முட்டப் பிடிச்சுத்தான் வாசிக்கிறவன், ஐயா" என்றார். இருவரும் ஒருவரையொருவர் நோக்கினர். குறை கணக்கில் அன்று, கண்ணிலே என்பது அக்கணமே வெளியாயிற்று. மூக்குக் கண்ணாடி வந்தது, கணக்கும் கைகூடியது. ஆசிரியர் கண்டது பாதி. தந்தையார் கண்டது பாதி. அவ்விரு பாதிகளும் சந்தித்திராவிடில், ‘மொக்கன்’ என்ற பட்டத்தோடு என் படிப்பு முடிந்திருக்கும்.

நிற்க. 1945ஆம் ஆண்டில் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி மலர்ந்தது. 1980 முதல் பாடநூல்களும், 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாயின. இவை அரசு கொடுக்கத்தக்கவை. பிள்ளை புத்தகத்தை எவ்வாறு பிடிக்கின்றது என்று பார்க்கும் கண்ணை எந்த அரசு கொடுக்கும்?

கடலுக்கு அப்பால் தமிழகத்திலும், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறைத் தலைவராயிருந்த காலத்தில், 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. ஊரார் மனமுவந்து பள்ளிக்குக் கட்டிடமும் தளபாடமும், மாணவர்க்குச் சீருடையும் வழங்கினர். பள்ளி நம்முடையது என்னும் உணர்ச்சியே அதன் உயிர்நாடி.

இன்று நம்மிடையே நிலை யாது? ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையன்று மண்டப வாயிலிற் பெற்றோர் தவங்கிடக்கின்றனர். பரீட்சை முடிந்ததும் பலருடைய அக்கறையும் முடிந்துவிடுகின்றது. பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்துக்கு அழைத்தால் நேரமில்லை. தனியார் வகுப்புக்குப் பணங் கட்டியதோடு கடமை தீர்ந்தது என்ற நிம்மதி. "எங்களுக்கு என்ன தெரியும்?" என்று கூசி ஒதுங்கும் ஏழைப் பெற்றோரும் உளர். சிறப்பாக அவர்களை எண்ணியே இதனை எழுதுகிறேன்.

தவணைக்கு ஒருமுறையேனும் ஆசிரியரைக் கண்டு பேசுங்கள். மாலையிற் பத்து நிமிடம் பிள்ளையின் அருகிலிருந்து, வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இடையிலே, நரி எப்போது கிணற்றில் விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு எழுத்தறிவு வேண்டியதில்லை.