ஹீட்டரில் குளிர்காற்றா? எஞ்சினைக் கவனியுங்கள்

மும்பையில் கார் வைத்திருப்பவர்களிடம் ஹீட்டரைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். சிரிப்பதற்குக் காரணம் உண்டு. சான்டாகுரூஸ் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.4 டிகிரி செல்சியஸ்தான். அதுவும் 1962 ஜனவரியில். ஏ.சி. கொஞ்சம் மக்கர் செய்தாலும் அன்றே ஒர்க்‌ஷாப்புக்கு ஓடும் செம்பூர், மாட்டுங்காவாசிகள், டாஷ்போர்டில் இருக்கும் குமிழைச் சிவப்புக் கோட்டின் பக்கம் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

திருப்பிப் பார்க்கும் நாள் டிசம்பர் விடுமுறையில் வருகிறது. குடும்பம் மகாபலேஷ்வர் போகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். விடியற்காலைக் குளிரில் ஹீட்டரைப் போட்டால், வெளியே வீசும் அதே குளிர்காற்றுதான் உள்ளேயும் வருகிறது. "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

காரணம், பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டர் என்பது தனிக் கருவி அல்ல. எரிபொருள் எரிந்து கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் கூலன்ட்டில் சேருகிறது. சூடேறிய அந்தத் திரவத்தில் ஒரு பகுதி, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் 'ஹீட்டர் கோர்' என்ற குட்டி ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. அதன் ஊடாக ஃபேன் காற்றை ஊதுகிறது. ஆக, குளிர்காற்று வந்தால் பொருள் இரண்டே: சூடான கூலன்ட் அங்கே வரவில்லை, அல்லது வந்தும் காற்று அதைத் தொடவில்லை.

இதில் முதலாவதுதான் கவலைக்குரியது. கூலன்ட் ஒழுகிக் குறைந்துபோயிருந்தால், பல கார்களில் எஞ்சின் கொதிப்பதற்கு முன்பே ஹீட்டர் சூட்டை இழந்துவிடும். பசர்ணி காட்டிலோ கண்டாலா காட்டிலோ ஏறும்போது வெப்பமானியின் முள் உயர்ந்தால், ஏ.சி.யை நிறுத்தி ஹீட்டரை முழுச் சூட்டில் வைப்பது பழைய டிரைவர்களின் உத்தி. ஹீட்டர் கோர் இரண்டாவது ரேடியேட்டராக உதவும். அப்போதும் குளிர்காற்றே வந்தால் எஞ்சினில் கூலன்ட் இல்லை, அல்லது ஓடவில்லை. உடனே ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். சில நூறு ரூபாயில் முடியவேண்டிய வேலை எஞ்சினைப் பிரிப்பதில் போய் முடியும்.

சோதனையைத் தொடங்க ஏற்ற நேரம், எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளை. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாகச் சீறி முகத்தைப் பொசுக்கும். முதலில் ரிசர்வ் டேங்கில் அளவைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்றினால் மட்டும் போதாது. போனது எங்கே என்றும் தேட வேண்டும். ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் எங்காவது ஈரம் தெரியும். டாஷ்போர்டின் கீழ் கார்ப்பெட் நனைந்து, இனிப்பு வாடையும் அடித்து, கண்ணாடியில் பிசுபிசுப்பும் படிந்தால் ஓட்டை ஹீட்டர் கோரில்தான்.

அளவு சரியாக இருந்தால், எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அதற்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பார்க்கலாம். இரண்டும் சூடு என்றால் கோளாறு காற்றுப் பாதையில்: காற்றைத் திருப்பிவிடும் கதவோ, அதன் கேபிளோ, மோட்டாரோ. ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் கோர் அடைத்திருக்கிறது அல்லது வால்வு திறக்கவில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் குழாயில் காற்று சிக்கியிருக்கிறது. அதை வெளியேற்ற வேண்டும். இரண்டு ஹோஸும் வெதுவெதுப்பு மட்டுமே என்றால் தெர்மோஸ்டாட் மூடாமல் நிற்கிறது.

அல்லது தெர்மோஸ்டாட்டே இல்லை. வெயில் ஊரில் எஞ்சின் கொதிக்கக் கூடாது என்று அதைக் கழற்றிப் போடுவது பத்மினி, அம்பாசடர் காலத்து வழக்கம். செம்பூரை ஒட்டிய குர்லாவில் பிறந்த பிரீமியர் பத்மினி, 2023 அக்டோபரோடு மும்பை டாக்ஸிகளிலிருந்து விடைபெற்றது. வழக்கம் மட்டும் முற்றிலும் போகவில்லை. இன்றைய கார்களில் இது தவறான வைத்தியம். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதலாக எரிபொருளை ஊட்டும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும்.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. கோர் ஒழுகினால் அதை மாற்றப் பல கார்களில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டும். பொருளைவிடக் கூலி அதிகம். "இந்த ஊருக்கு ஹீட்டர் எதுக்கு சார்?" என்று கேட்டு, இரண்டு ஹோஸையும் நேராக இணைத்துவிடுவார்கள். ஒழுகல் நிற்கும். அவசரத்துக்குச் சரி. ஆனால் அந்தக் கார் கைமாறும்போது வாங்குபவரிடம் யாரும் சொல்வதில்லை.

உண்மையில் இந்த ஊருக்கும் ஹீட்டர் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையில், ஏ.சி. கண்ணாடியை அதிகமாகக் குளிர்வித்தால் வெளிப்புறம் பனி படர்ந்துவிடுகிறது. சயான் பாலத்தடியிலோ தாராவி நெரிசலிலோ எதிரே வரும் ஆள் தெரியாது. ஏ.சி. ஓடும்போதே குமிழைச் சற்றுச் சூட்டின் பக்கம் திருப்பினால் உள்ளே காற்று உலர்ந்தே இருக்கும், கண்ணாடியும் தெளியும். அந்தச் சூடு ஹீட்டர் கோரிலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே மலைக்குப் போகாதவர்களும் மாதம் ஒரு முறை ஹீட்டரை ஐந்து நிமிடம் போட்டுப் பார்ப்பது நல்லது. வேர்க்கத்தான் செய்யும். வேர்த்தால் எஞ்சின் நலம்.