சுராங்கனி தெரியும்... பாடினவரைத் தெரியுமா?

திண்டிவனம் தாண்டி செஞ்சி ரூட்டில் உங்க காலேஜ் டூர் பஸ் போகுதுன்னு வைங்க. ராஜகிரி மலை கண்ணுல படுறதுக்குள்ள கடைசி சீட்டில் கச்சேரி களைகட்டியிருக்கும். பாட்டு ஸ்டாக் தீர்ந்துட்டா? இருக்கவே இருக்கு 'சுராங்கனி'! கிளீனர் வரைக்கும் கோரஸ்தான்.

சரி பாஸ், அதை ஊர் ஊராகக் கொண்டுபோன மனுஷன் யாரு? முழிக்கிறீங்களா?

செஞ்சியில வச்சு இதைக் கேட்க ஒரு காரணம் இருக்கு. சில மாசமே ஆண்டு, 1714-ல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி இளம் வயசிலேயே இறந்த தேசிங்குராஜன் இன்னிக்கும் நமக்கு ஹீரோ. அவர் கதையைக் கிராமம் கிராமமாகப் பாடினவங்கதான் காரணம். ஆனா, பாடினவங்க பேரு? ஒருத்தருக்கும் தெரியாது. சுராங்கனிக்கும் அந்த கதி வரலாமா?

அவர் பேர் ஏ.இ.மனோகரன். நம்ம ஊருக்கு 'சிலோன் மனோகர்'. இலங்கைத் தமிழர். ரசிகர்கள் தந்த பட்டம், 'பொப் இசைச் சக்கரவர்த்தி'. 'பாப்' என்பதை அங்கே 'பொப்'னுதான் எழுதுவாங்க. நித்தி கனகரத்தினம் போன்றவர்கள் போட்ட பாதையில் வந்து, 1970-களில் மேடைகளை அதிரவைத்தவர். அப்போ தமிழ்நாட்டு வீடுகளில் இலங்கை வானொலிக்குத் தனி மவுசு!

ஆட வைக்கும் தாளம்

அவர் கையில் எடுத்தது 'பைலா'. 1505-ல் இலங்கையில் கால்வைத்த போர்ச்சுகீசியரின் மெட்டும், அவங்க கொண்டுவந்த ஆப்பிரிக்க மக்களின் தாளமும் கலந்து வளர்ந்த இசை. போர்ச்சுகீசில் 'பைலார்' என்றால் ஆடுவது. கேட்டா கால் சும்மா இருக்குமா?

இன்னொரு தீவிலும் இதே கதைதான். ஜமைக்காவில் 1950-களின் கடைசியில் பிறந்தது 'ஸ்கா'. அதில் தொடங்கிய டெஸ்மண்ட் டெக்கர், வெல்டிங் வேலை பார்த்தவர். 1969-ல் அவரோட 'இஸ்ரேலைட்ஸ்' பிரிட்டனில் நம்பர் ஒன்! அந்த ஜமைக்கா இங்கிலீஷ் பாதிப் பேருக்குப் புரியவே இல்லை. ஆனாலும் ஆடினாங்க.

நாமளும் அப்படித்தானே? சுராங்கனியில் வரும் 'மாலு' என்றால் சிங்களத்தில் மீன். கடலுக்குப் போனவன் சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த சேதிதான் பாட்டு. தெரியாமலே கத்திக்கிட்டு இருக்கோம்!

சும்மா விஷயம் இல்லை

இலங்கையில் 1956-ல் 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தது. 1983 ஜூலையில் தமிழர்கள் மேல் கொடூரமான வன்முறை நடந்தது. மொழியை வச்சே மக்கள் பிரிக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்த ஒரு தமிழர், சிங்கள வார்த்தைகளைத் தமிழ்நாட்டு வாய்களில் சிரிச்சுக்கிட்டே உட்கார வச்சிட்டார். போரைத் தடுக்கிற சக்தி பாட்டுக்குக் கிடையாதுதான். ஆனா, 'அவங்க பாஷை' என்ற வெறுப்பு இல்லாம ஒரு தலைமுறை அதைப் பாடியதே.

1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் சுராங்கனி சினிமாவுக்கும் வந்தது. ஆனா, அங்கே பாடியது மலேசியா வாசுதேவன், ரேணுகா. மனோகரனோ தமிழ், மலையாளப் படங்களில் வில்லனாக முகம் காட்டினார். பாட்டு சூப்பர் ஸ்டார் ஆச்சு. பாடகர் பேர் பின்சீட்டுக்குப் போச்சு. 2018 ஜனவரி 22-ல், 73 வயதில் சென்னையில் காலமானார்.

தேசிங்கு கதை பாடினவங்க குரலை இனி யாரும் கேட்க முடியாது. மனோகரன் குரல் ரெக்கார்டில் பத்திரமா இருக்கு. ஒருமுறை அவர் பாடியதையே தேடிக் கேளுங்க. பக்கத்து சீட் நண்பனுக்கு அவர் பேரையும் சொல்லுங்க!