மன உறுதி ஏன் கரைகிறது?

‘நாளை முதல் ஒரு வேளைதான் சாப்பாடு, பட்சணத்தைத் தொடவே மாட்டேன்!’ உடல் இளைக்க வேண்டும் என்று இப்படிச் சபதம் செய்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்களே செய்திருக்கவும் கூடும். ஒரு வாரத்தில் சபதம் போன இடம் தெரியாது. உடனே, ‘உனக்கு மன உறுதி போதாது’ என்பார்கள் வீட்டில். இந்தத் தீர்ப்பு சரிதானா?

மன உறுதிக்குக் குறைவில்லாத 36 இளைஞர்களின் கதையைக் கேளுங்கள். 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரினால் பட்டினியில் வாடிய மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதே அதன் நோக்கம். தாமாக முன்வந்த அந்த இளைஞர்கள், ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடங்கொடாததால் போர்முனைக்குச் செல்ல மறுத்தவர்கள். கொள்கையில் அவ்வளவு பிடிப்பு!

முதலில் நாளொன்றுக்குச் சுமார் 3,200 கலோரி உணவு. பிறகு 24 வாரங்களுக்கு ஏறக்குறைய அதில் பாதிதான். உருளைக்கிழங்கு, ரொட்டி, மாக்கரோனி போன்றவை கிடைத்தன. வாரத்திற்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். உடல் எடை சுமார் கால் பங்கு குறைந்தது. ஆனால் மனத்தில் நடந்ததுதான் வியப்பு. எந்நேரமும் உணவைப் பற்றிய நினைவுதான். சமையல் புத்தகங்களைத் தேடிச் சேர்த்துப் படித்தார்கள். சாப்பிட்ட தட்டை நக்கினார்கள். சிலர் திருட்டுத்தனமாக வெளியே தின்றும் விட்டார்கள். கோடையிலும் அவர்களுக்குக் குளிரெடுத்தது. சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. சோதனை முடிந்து வேண்டிய மட்டும் உண்டபோதோ, வயிறு நிறைந்த பின்னும் பலருக்குப் பசி அடங்கவில்லை.

இது ஏன்? விடையின் ஒரு பகுதி 1994இல் கிடைத்தது. அவ்வாண்டு ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர், பின்னர் லெப்டின் எனப் பெயர் பெற்ற ஹார்மோனுக்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். நம் கொழுப்பணுக்கள் லெப்டினைச் சுரக்கின்றன. கொழுப்பு கரைந்தால் லெப்டினும் குறைகிறது. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் அதை அறிந்து, ‘பஞ்சம் வந்துவிட்டது’ என்று எண்ணிக்கொள்கிறது போலும்! பசியைக் கிளப்புகிறது, செலவைச் சுருக்குகிறது. பட்டினி கிடப்பவர் தம் சோம்பலோடு போராடவில்லை. உயிர் காக்கும் ஒரு பழைய ஏற்பாட்டோடு போராடுகிறார். நெடுநாள் போராடி வெல்வது கடினமல்லவா?

உங்கள் வயதில் இதில் வேறோர் ஆபத்தும் உண்டு. எலும்பும் தசையும் வளரும் பருவம் இது. எடை கூடுவதும் வளர்ச்சியின் ஒரு பகுதியே. எடை மிகுதியா என்பதை மருத்துவர் சொல்லட்டும்; கண்ணாடியைக் கேட்காதீர்கள்.

அப்படியானால் எதுதான் நிலைக்கும்? ஒரு சிறு மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். தினமும் 2 தம்ளர் காப்பியில் தம்ளருக்கு 2 தேக்கரண்டி சர்க்கரையைக் குறைத்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கலோரி குறையும். ஆண்டுக்கு 29,200! (இது ஏட்டுக் கணக்கு. உடலும் தன் செலவைச் சிறிது சுருக்கிக்கொள்ளும்.) இதற்குச் சபதம் தேவையில்லை, பழக்கம் போதும்.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியினர் 96 பேரிடம் இதை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் என்பது போல, நாள்தோறும் தவறாது வரும் ஒரு வேளையோடு புதிய செயலை ஒவ்வொருவரும் இணைத்துக்கொண்டார்கள். அச்செயல் தன்னால் நிகழ்வதாக மாற, வரிசையில் நடுவே நின்றவருக்கு 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதையும் கண்டார்கள்.