புதிய வண்டியும் பழைய காலும்

புதிய மோட்டார் சைக்கிள் ஒன்று வீட்டு வாசலில் வந்து நிற்கும் நாள், பல குடும்பங்களில் ஒரு சிறு திருநாள். எங்கள் வீட்டிலும் அவ்வாறே. மாலை சூட்டினோம், பங்குத் தந்தையிடம் கொண்டு சென்று மந்திரித்தோம், அண்டை வீட்டாருக்கு இனிப்பு வழங்கினோம். அந்த வண்டியை எப்படிப் பழகுவது என்பது பற்றி மட்டும் எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

வண்டி என் இளைய மகளுக்காக வாங்கியது. திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில் அவள் செவிலியராகப் பணியேற்றிருந்தாள். எங்கள் ஊர் நகரிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர். மாலைப் பணி முடிந்து அவள் வெளியே வரும்போது இரவு ஒன்பதரை ஆகிவிடும்; எங்கள் ஊருக்கான கடைசிப் பேருந்து அதற்கு முன்பே சென்றுவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டர் போதாதா என்று கேட்டோர் உண்டு. எங்கள் ஊர்ச் சாலையின் பள்ளங்களைக் கண்டவர்கள் அவ்வாறு கேட்க மாட்டார்கள். அங்கே ஸ்கூட்டரின் சிறு சக்கரத்தைவிட மோட்டார் சைக்கிளின் பெரிய சக்கரமே நம்பத்தக்கது. எனவே 125 சி.சி. வண்டி ஒன்றைத் தேர்ந்தோம்.

கற்றுக்கொடுக்க நான் இருக்கிறேன் என்ற இறுமாப்பு எனக்கு. இளமையில் பதினைந்து ஆண்டுகள் புல்லட் ஓட்டியவன் நான். திருவொற்றியூரில் உருவான அந்தப் பழைய வண்டிகளைக் கிளப்புவதே ஒரு கலை. அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டு வந்து, டீகம்ப்ரஸர் பிடியை அழுத்தி, அதன் பிறகே உதைக்க வேண்டும். அதைப் பழக்கியவனுக்கு இந்த 125 எம்மாத்திரம்? ஆனால் அக்காலப் புல்லட்டில் கியர் வலக்காலில் இருந்தது. பின்சக்கரப் பிரேக் இடக்காலில் இருந்தது. இக்கால வண்டிகளில் நேர்மாறு. இதை நான் அறியாதவன் அல்லேன். அறிந்தது தலை, கால் அறியவில்லை.

மூன்றாம் நாள் மாலை, மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, “பிரேக் பிடிப்பது எப்படி என்று கவனி, அம்மா” எனச் சொல்லியவாறே ஓட்டிச் சென்றேன். குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டி பாய்ந்தது. என் இடக்கால் தானாகவே அழுந்தியது. அழுந்தியது பிரேக் அன்று, கியர். மூன்றாவதிலிருந்து இரண்டாவதற்கு இறங்கிய வண்டி உறுமித் துள்ளியது, பின்சக்கரம் வழுக்கியது, இருவரும் சாலையோர மணலில் சாய்ந்தோம். பின்னால் வந்த லாரி எங்களுக்குச் சில அடிகள் அப்பால் வந்து நின்றது. ஆட்டுக்குட்டி பிழைத்தது. மகளின் முழங்கையில் தோல் உரிந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து என்னிடம் சொன்னவற்றை இங்கே எழுதுவதற்கில்லை.

அன்றிரவு மகள் கையேட்டை எடுத்து என்முன் வைத்தாள். “அப்பா, இந்த வண்டிக்கு நாம் இருவருமே புதியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்திலிருந்து தொடங்கலாம்” என்றாள். எனக்குச் சிறிது கோபம் வந்தது உண்மை. ஆனால் அவள் முழங்கையில் கட்டு இருந்ததே!

மறுநாள் பள்ளித் திடலில் முதல் அரைமணி நேரம் எஞ்சினைக் கிளப்பவே இல்லை. விற்பனை நிலையத்திலிருந்து வரும் வண்டி யாருடைய உடலுக்கும் ஏற்றவாறு அமைக்கப்பட்டதன்று. பொதுவாக எவருக்கோ ஏற்றவாறு வருகிறது. மகள் உயரம் குறைந்தவள். இருக்கையில் நேராக அமர்ந்தால் இரு கால்களின் முன்பகுதி மட்டுமே தரையைத் தொட்டது. இருக்கையில் சற்று இடப்புறம் நகர்ந்து, இடப் பாதம் முழுவதையும் ஊன்றி, வலக்காலைப் பிரேக்கின் மேல் வைத்து நிற்கப் பழகினாள். கிளட்ச், பிரேக் பிடிகள் மிகவும் மேல்நோக்கி இருந்தமையால் அவளுடைய மணிக்கட்டு மடங்கியது. ஸ்பானரால் தளர்த்திச் சிறிது கீழிறக்கினோம். முன்கையும் விரல்களும் ஒரே கோட்டில் வந்தன. ஒரு வாரம் கழித்து அவள் சொன்னாள், பெருவிரலடியில் வந்துகொண்டிருந்த வலி நின்றுவிட்டதாக. கண்ணாடிகளில் அவள் தோள்களே தெரிந்தன. பின்வரும் சாலை தெரியும்படி திருப்பினோம்.

கிளட்ச் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிடியின் நுனியில் சில மில்லிமீட்டர் வெற்றசைவு இருக்க வேண்டும் என்கிறது கையேடு. எங்கள் வண்டியில் அது மிகுதியாக இருந்தது. முழுவதும் அழுத்தியும் கிளட்ச் சரியாக விடுபடவில்லை. கேபிளின் திருகைச் சுற்றி அதைச் சரிசெய்த பின், வண்டி நகரத் தொடங்கும் இடம் எது எனத் தேடும் பயிற்சியைத் தொடங்கினோம். முறுக்குப்பிடியைத் தொடாமலே கிளட்ச்சை மெல்ல மெல்ல விடுவது, எஞ்சினின் ஒலி தாழ்ந்து வண்டி முன்னே சாயும் கணத்தில் அப்படியே நிறுத்திப் பிடிப்பது, மீண்டும் அழுத்துவது. நாற்பது, ஐம்பது முறை செய்தாள். மேட்டிலும் நெரிசலிலும் வண்டி அணைந்து போகாமல் காப்பது இப்பயிற்சியே. எட்டுப் போடுவதற்கு மட்டும் பழகி உரிமம் வாங்கிய என் போன்றோருக்கு இதை எவரும் கற்பிக்கவில்லை.

முன்பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவாய் என்ற அச்சம் நம் வீடுகளில் தலைமுறையாக வருகிறது. வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. ஆதலால் வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்பிரேக்கிற்கே உரியது. இடருக்குக் காரணம் அதைத் திடீரெனப் பறித்துப் பிடிப்பதும், கைப்பிடி திரும்பியிருக்கும்போதோ மணலிலோ பிடிப்பதும் ஆகும். 125 சி.சி. வரையுள்ள வண்டிகளில் இரு பிரேக்குகளும் இணைந்து இயங்கும் அமைப்பு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று; அதைவிடப் பெரியவற்றுக்கு ஏ.பி.எஸ். எங்கள் வண்டியில் கால்பிரேக்கை அழுத்தினால் முன்பிரேக்கும் ஓரளவு பிடிக்கிறது. அதற்காகக் கையைச் சும்மா வைத்திருக்கலாகாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், ‘ஐயோ’ என்று எண்ணும் ஒரு விநாடிக்குள் 11 மீட்டர் கடந்துவிடுகிறார்; பிரேக் பிடிப்பது அதற்குப் பிறகுதான்.

முதல் சர்வீஸ் வரை எஞ்சினையும் பொறுமையாக நடத்த வேண்டும். உருளையின் உட்சுவரில் நுண்ணிய கோடுகள் இடப்பட்டிருக்கும்; பிஸ்டன் வளையங்கள் அவற்றின்மேல் உரசியே தம் இடத்தில் படிகின்றன. இதற்காகச் சிலர் உயர்ந்த கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை முனக விடுகிறார்கள். அதுவும் தவறே. மிகவும் முறுக்காமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் செல்லாமல், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினாள். முதல் சர்வீஸில் வடித்த ஆயிலில் மிகச் சிறிய உலோகத் துகள்கள் மின்னின. புதிய வண்டியில் இது இயல்பே. ஆனால் அந்த ஆயிலை மாற்றுவதைத் தள்ளிப்போடுவது கேடு. புதிய டயரும் முதல் நூறு கிலோமீட்டர் வரை வழுவழுப்பாகவே இருந்தது. செயின் தளர்ந்திருந்தது; மூடியிலுள்ள ரப்பர் அடைப்பை எடுத்து விரலால் அசைத்துப் பார்த்து, குறித்த அளவுக்குச் சரிசெய்தோம். காற்றை மட்டும் வண்டி ஓடிச் சூடாகுமுன், காலையிலேயே அளந்தோம்: முன்சக்கரத்திற்கு 25, பின்சக்கரத்திற்கு 28.

பகலிலும் விளக்கு எரிகிறதே என்று வழியெங்கும் விரல்களை விரித்து மூடிச் சைகை காட்டும் நல்லுள்ளங்களுக்குக் குறைவில்லை. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு எஞ்சின் ஓடும்போது அணையாது என்பதை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? மகளும் புன்னகையுடன் தலையசைத்துச் சென்றுவிடுவாள்.

அவளிடம் அப்போது பயிலுநர் உரிமம் மட்டுமே இருந்தது. கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றச் சட்டம் இடந்தராது. உரிமம் கிடைத்த பின்னரும் ஆயிரம் கிலோமீட்டர் ஆகட்டும் என்று அவளே வரையறுத்துக்கொண்டாள். அவள் தாய்க்கு இதில் மனத்தாங்கல். “நான் ஏறினால் வண்டி தாங்காதா?” என்பாள்.

ஆயிரமும் ஆயிற்று. தாய் சேலையுடன் ஒருபக்கமாக அமர்பவள். எடை ஒருபுறம் சாய்வதால் மெதுவாகத் திரும்பும்போது ஓட்டுபவர்க்குக் கடினம்; இருபுறமும் கால் போட்டு அமர்வதே நலம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம்; பயனில்லை. சேலைத் தலைப்பைச் செருகச் செய்து, சக்கரத்தருகே உள்ள சேலைக் காப்பை ஆட்டிப் பார்த்தாள் மகள். பின்பக்கத்து இரு ஸ்பிரிங்குகளையும் இரண்டு படி உயர்த்தி, இரண்டும் ஒரே படியில் உள்ளனவா என்று பார்த்தாள். பின்டயருக்குக் காற்றைக் கூட்டினாள். பின்பக்கம் தாழ்ந்தால் விளக்கு மேல்நோக்கி எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும் என்று சுவரில் ஒளிவட்டத்தைப் பார்த்து அதையும் திருத்தினாள். இருவர் தலையிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் ஏறியது.

நான் வாசலில் நின்றேன். “நீங்கள் எப்போது ஓட்டப் போகிறீர்கள்?” என்று மனைவி கேட்டாள். நான் விடை சொல்லுமுன் மகள், “அப்பா திடலில் இன்னும் பத்து நாள் பழகட்டும், அம்மா” என்று கூறிக் கிளட்ச்சை மெல்ல விட்டாள். வண்டி குலுங்காமல் நகர்ந்தது.

இப்போது திடலில் பழகி வருகிறேன். ஆறாம் நாள் ஆகிறது. இடக்கால் இன்னும் ஒருமுறை தவறியது.